பாம்புத் தலை யாருக்காக?

சென்ற இதழில் அட்லஸ் அந்துப்பூச்சியின் படம் ஒன்றைப் போட்டு, 'முன்சிறகின் நுனியை உற்றுப் பாருங்கள், என்ன தெரிகிறது?' என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி 'பாம்பு' என்கின்றன. சிலர் 'ஆமைத் தலை' என்றும், ஒரு குழந்தை 'டைனோசர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். கூடவே அடுக்கடுக்காகக் கேள்விகள். வழக்கமாக இந்தப் பகுதியில் எறும்பு, சிலந்தி, தேனீ எல்லாம் கலந்து வரும். இந்த முறை முழுப் பக்கங்களையும் இந்த ஒரு பூச்சிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் வெளிச்சுவரில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறம். இரண்டு சிறகு நுனியிலும் பாம்புத் தலை. கிட்டப் போகாதே, விஷமாக இருக்கும் என்று மாமியார் தடுத்துவிட்டார். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது இதுதானா? கடிக்குமா? அந்தப் பாம்பு எதற்கு? — ஒரு வாசகி

பதில்: அதேதான் அம்மா. கடிக்காது. கடிப்பதற்கு அதற்கு வேலை செய்யும் வாயே கிடையாது. கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் பயந்ததில் தப்பு ஒன்றுமில்லை. ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசுகிற மக்கள் இந்தப் பூச்சிக்கு வைத்திருக்கும் பெயரே 'பாம்புத் தலை அந்து' என்றுதான் பொருள்படும். எங்கேயோ இருப்பவர்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

முதலில் பெயர் விவரம். 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் இதற்கு 'அட்லஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கி நிற்கும் ராட்சதன் அட்லஸ். உருவத்துக்கேற்ற பெயர்தான், விரித்த சிறகு 24 சென்டிமீட்டர் வரை போகும். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வெப்பமண்டலக் காடுகள் உள்ள இடங்களில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை 'அட்டாகஸ் டாப்ரோபானிஸ்' என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். டாப்ரோபேன் என்பது பழங்காலக் கிரேக்கர்கள் இலங்கையைக் குறிப்பிட்ட பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சொந்தம், சிறகுக் கோலமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் கீழே சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

இப்போது பாம்புக்கு வருவோம். என் மேசையில், ஆயுள் முடிந்து தானாகக் கீழே விழுந்த ஒரு பெண் பூச்சி இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன்: 22 சென்டிமீட்டர். முன்சிறகின் நுனி மற்ற அந்துப்பூச்சிகளைப் போல வட்டமாக முடியாமல், வெளிப்பக்கமாக நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. சிறகு முழுக்கச் செம்பழுப்பு. நுனிக்கு வந்ததும் நிறம் திடீரென்று வெளுத்து மஞ்சளாகிறது. மேல் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பு ஒரு தீற்று. அதற்குக் கீழே குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு கறுப்புப் பொட்டு, அதுதான் 'கண்'. அதன் கீழே நெளிந்து போகும் ஒரு கோடு, அதுதான் 'வாய்'. வளைந்த நுனி, மூக்கு. எல்லாம் சேர்ந்தால் பக்கவாட்டில் திரும்பிய பாம்பு.

நான் பல வருடமாக வகுப்பில் செய்துகாட்டிய ஒரு விஷயத்தை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். அதைப் படத்தின் மேல் வைத்து, சிறகு நுனி மட்டும் தெரியும்படி நகர்த்துங்கள். பாம்பு சட்டென்று உயிர்பெற்று நிற்கும். காகிதத்தை எடுத்துவிட்டால் அதே பாம்பு அடங்கி, பெரிய கோலத்தின் ஒரு மூலையாகிவிடும். காட்டில் இந்தப் பூச்சி பகல் முழுக்கச் சிறகை விரித்தபடி இலைகளுக்கிடையில் அசையாமல் கிடக்கிறது. கிளை கிளையாகத் தாவி இரை தேடும் பறவைக்கு முழுப் பூச்சியும் எப்போதுமே கண்ணில் படுவதில்லை. இலை இடுக்கு வழியாக ஏதோ ஒரு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டு நுனியாக அமைந்துவிட்டால், காகித ஓட்டையில் நமக்குத் தெரிந்ததுதான் பறவைக்கும் தெரியும். தொட்டுக் கலைத்தால் இந்தப் பூச்சி பறந்து ஓடுவதில்லை. தரையில் விழுந்து சிறகுகளை மெல்ல மெல்ல அசைக்கிறது. அப்போது நுனிகள் இரண்டும் தலை தூக்கித் தாழ்த்துவது போல ஆடும். நேரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

பறவை அதைப் பாம்பு என்றே நம்புகிறதா என்பது வேறு கேள்வி. சிறகுக் கண்பொட்டுகளைப் பற்றி இரண்டு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 2008-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ஸ்டீவன்ஸ் குழுவினர் காகிதத்தில் பூச்சி செய்து, அதனடியில் புழுவைச் செருகி, மரங்களில் குத்தி வைத்தார்கள். சிலவற்றில் கண் போன்ற வட்டம், சிலவற்றில் வெறும் சதுரமும் பட்டையும். பளிச்சென்று எடுப்பாக இருந்தால் போதும், வட்டமோ சதுரமோ, பறவைகள் ஒரே மாதிரிதான் தயங்கின. 2015-இல் பின்லாந்தில் ஒரு குழு, ஆந்தைக் கண் போன்ற பெரிய பொட்டுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சியின் படத்தையும் உண்மையான ஆந்தை முகத்தையும் சிட்டு இனப் பறவைகளுக்குத் திரையில் காட்டியது. நிஜ ஆந்தைக் கண்ணுக்கு எவ்வளவு மிரண்டனவோ, சிறகுக் கண்ணுக்கும் அவ்வளவு மிரண்டன. அதே அளவுக்கு எடுப்பாக, ஆனால் கண் போல இல்லாதபடி மாற்றிய கோலத்துக்கு அந்த மிரட்சி இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். பறவைக்குத் தீர விசாரிக்க நேரம் கிடையாது. சிறு பறவை ஒன்று பாம்பை ஒரே ஒரு முறை பூச்சியென்று தப்பாக எடுத்தால் அதன் கதை முடிந்தது. பூச்சியைப் பாம்பென்று தப்பாக எடுத்தால் ஒரு வேளைத் தீனி மட்டும்தான் நஷ்டம். அதனால் பாம்பு போல லேசாக இருந்தாலே பறவை பின்வாங்கும். அச்சு அசலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் சுவரில் இருந்த பூச்சி விளக்கைப் பார்த்து வந்து மாட்டிக்கொண்டது. இன்னொரு முறை வந்தால் இரவில் அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டியதும் அதுவாகவே போய்விடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்த அட்லஸுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், பூ வைத்தேன், எதையும் தொடவில்லை. ஆறாம் நாள் இறந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்? — ஒரு வாசகர்

பதில்: எந்தத் தப்பும் இல்லை. சிறகு முளைத்த பிறகு இந்தப் பூச்சி எதுவுமே தின்பதில்லை. உறிஞ்சு குழல் வளரவே வளராது. புழுவாக இருந்தபோது வாரக்கணக்கில் இலை தின்று சேர்த்த கொழுப்புதான் மிச்ச ஆயுளுக்கு முதல். அது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வரும். அதற்குள் துணை சேர்ந்து முட்டை இட்டுவிட வேண்டும். அதனால்தான் பகலில் அப்படி அசையாமல் கிடக்கிறது. பறக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்த முதலிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சும்மா கிளப்பிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பதும் இதற்காகத்தான்.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். படத்தில் ஒவ்வொரு சிறகின் நடுவிலும் ஒரு முக்கோணம் இருக்கிறது. அதன் வழியாகப் பின்னால் இருக்கும் இலை தெரிகிறது. கிழிந்த ஓட்டையா, கண்ணாடியா? — ஒரு மாணவி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறாய் கண்ணு. பாம்பு பாம்பு என்று எழுதியவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்கவே இல்லை.

ஓட்டை கிடையாது. அங்கே சிறகின் சவ்வு முழுசாக இருக்கிறது. அதன் மேல் செதில் மட்டும் இல்லை. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றின் சிறகும் அடிப்படையில் நிறமில்லாத மெல்லிய சவ்வுதான். அதன் மேல் கூரை ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாக நுண்செதில்கள். ஒரு செதில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஒரு செதிலுக்குப் பெரும்பாலும் ஒரே நிறம். லட்சக்கணக்கான ஒற்றை நிறச் செதில்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துதான் நாம் பார்க்கும் கோலம் உருவாகிறது.

உன்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால், கீழே கிடக்கும் உதிர்ந்த சிறகு ஏதாவது ஒன்றை வைத்துப் பார். மேசையில் இருக்கும் பூச்சியை நான் இப்போது பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். முக்கோணத்துக்கு வெளியே செம்பழுப்புச் செதில்கள் நெருக்கமாக, கம்பளம் போல. முக்கோணத்தைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு, யாரோ பேனாவால் இழுத்தது போல. அந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்டியதும் கம்பளம் சட்டென்று முடிகிறது. உள்ளே வெறும் சவ்வு. லென்ஸைச் சாய்த்தால் சோப்பு நுரையில் வருவது போல லேசாக நிறம் ஓடுகிறது. சிறகுக்கு அடியில் அச்சடித்த தாளை நுழைத்தேன். எழுத்தைத் தடையில்லாமல் படிக்க முடிகிறது.

எதற்கு இந்த ஜன்னல்? இதையும் இலைகளுக்கு நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சாண் அகலப் பழுப்புப் பரப்பு பச்சை இலைகளுக்கு நடுவில் தனியாகத் தெரிந்துவிடும். நான்கு இடத்தில் பின்னாலிருக்கும் பச்சையும் வெளிச்சமும் ஊடுருவித் தெரிந்தால், ஒரே பெரிய உடம்பு என்கிற வடிவம் உடைந்துவிடுகிறது. பூச்சி அரித்த காய்ந்த சருகுக் குவியல் போல ஆகிவிடும். கண்ணாடிச் சிறகு வண்ணத்துப்பூச்சி என்று நடு அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. அதன் சிறகு மொத்தமுமே கிட்டத்தட்ட ஜன்னல்தான். வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் இருக்க, அதன் சவ்வின் மேல் ஒழுங்கில்லாத உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூண்கள் முளைத்திருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: பாம்பு, ஜன்னல், வரி எல்லாம் சரி. ஆனால் இது இரவில் பறக்கிற பூச்சி. கும்மிருட்டில் யார் அந்தப் பாம்பைப் பார்க்கப் போகிறார்கள்? இரவில் அதைத் தின்னும் வௌவாலுக்குக் கோலம் எதற்கு? — ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இதுவரை வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது.

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. வண்ணமும் பொட்டும் பகலில் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணால் வேட்டையாடும் பறவைக்கு. இரவில் வேட்டைக்காரர் மாறிவிடுகிறார். வௌவால் நம் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு, எதிரே இருப்பது என்ன, எத்தனை தூரம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போடுகிறது. அதற்குச் செம்பழுப்பும் ஒன்றுதான், மஞ்சளும் ஒன்றுதான்.

பல அந்துப்பூச்சிகளுக்கு இந்த மீயொலியைக் கேட்கக் காது உண்டு. கேட்டதும் சடாரென்று கீழே விழும், சுழன்று திசை மாறும். புலி அந்துகளில் சில, பதிலுக்குத் தாங்களும் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி வௌவாலின் கணக்கையே குழப்பிவிடும். ஆனால் அட்லஸ் சேர்ந்த காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்துக்குக் காது கிடையாது. முழுச் செவிடு. வௌவால் துரத்துவது, அது வந்து பிடிக்கும் வரை தெரியாது. இத்தனை பெரிய, கொழுப்பு நிறைந்த, மெதுவாகப் பறக்கும் உடம்பை வைத்துக்கொண்டு அது எப்படித்தான் தப்பிக்கிறது?

இதற்குப் பதில் அந்த நுனியிலேயே இருக்கிறது. 2021-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் சிறகுகளில் எல்லாப் பக்கத்திலிருந்தும் மீயொலியைச் செலுத்தி, எங்கிருந்து எவ்வளவு எதிரொலி திரும்புகிறது என்று அளந்தார்கள். சில இனங்களில் முன்சிறகின் நுனி தட்டையாக இல்லாமல் மடிந்தும் சுருக்கம் விழுந்தும் இருக்கிறது. அந்த மடிப்புகள் எந்தப் பக்கத்திலிருந்து ஒலி வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் வெளிச்சத்துக்குச் செய்வதை இந்த நுனி ஒலிக்குச் செய்கிறது. உடம்பிலிருந்து வரும் எதிரொலியைவிட நுனியிலிருந்து வருவது பலமாக இருக்கிறது. வௌவால் பலமான எதிரொலியை நோக்கிப் பாய்கிறது. கைக்கு வருவது சிறகின் ஒரு மூலை மட்டுமே. மூலை கிழிந்த பூச்சி தொடர்ந்து பறந்து போய் முட்டையிடும்.

உடம்பு எதிரொலிக்காதா என்று கேட்பீர்கள். இந்தப் பூச்சிகளின் மார்பில் அடர்ந்த ரோமம் போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மீயொலியைப் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. சிறகுச் செதில்களுக்கும் அந்தக் குணம் இருப்பதை 2020-இல் அதே பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். ஆக, நடு உடம்பு ஒலிக்கு மங்கல், ஓரம் மட்டும் பளிச்.

இதே தந்திரத்தை வேறு விதமாகச் செய்வது நிலா அந்துப்பூச்சி. இளம்பச்சை நிறத்தில், பின்சிறகிலிருந்து இரண்டு நீண்ட வால் தொங்கும். அழகுக்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2015-இல் அமெரிக்காவில் வால் உள்ள பூச்சிகளையும் வால் நீக்கிய பூச்சிகளையும் வௌவால்களோடு இருட்டறையில் விட்டுப் பார்த்தார்கள். பறக்கும்போது சுழலும் அந்த வால் தனியாக ஓர் எதிரொலி கொடுக்கிறது. பாதிக்கு மேற்பட்ட தாக்குதல்கள் வாலை நோக்கியே போயின. வால் இல்லாதவை மிக எளிதாகப் பிடிபட்டன.

இப்போது என் மேசைப் பூச்சியின் நுனியை மறுபடி பார்க்கிறேன் ஐயா. பகலில் பறவையின் கண்ணுக்கு அது பாம்பு. இரவில் வௌவாலின் காதுக்கு அது ஒரு பொய் உடம்பு. நாற்பது வருடம் இந்த நுனியைக் கண்ணால் மட்டுமே பார்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சுருக்கத்தை விரலால் தடவிய நாளில்கூட, காய்ந்ததால் சுருங்கிவிட்டது என்றுதான் மாணவர்களிடம் சொன்னேன். அந்த மாணவர்களில் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள். அது காய்ந்த சுருக்கம் கிடையாது.

கேள்வி: சிறகில் இருக்கும் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார்களே, உண்மையா? — ஒரு தாய்

பதில்: இல்லை. மேலே சொன்ன செதில்கள்தான் அந்தத் தூள். எந்தத் தூசியும் போலக் கண்ணில் விழுந்தால் உறுத்தும். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். தென்னமெரிக்காவில் 'ஹைலேசியா' என்ற அந்துப்பூச்சியின் வயிற்று முடிகள் தோலில் பட்டால் கடும் அரிப்பு வரும். அது வேறு பூச்சி, அதிலும் செதில் காரணமில்லை. குழந்தையைத் தொடவிடாமல் தடுப்பது பூச்சியின் நன்மைக்காக இருக்கட்டும். உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது.

கேள்வி: தோட்டத்தில் கூடு ஒன்று கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு பரப்பி வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பூச்சி வந்தது. ஆனால் சிறகு கசங்கிய காகிதம் போலச் சுருண்டே இருந்தது, விரியவே இல்லை. பிறவியிலேயே ஊனமா? — ஒரு வாசகர்

பதில்: தம்பி, இதற்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பிறவி ஊனம் இல்லை. டப்பாதான் காரணம். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் முதல் கூடு கிடைத்தபோது நானும் இதையேதான் செய்தேன். கண்ணாடி ஜாடி. பூச்சி வெளியே வந்து ஏறப் பார்த்தது, வழுக்கியது, மறுபடி ஏறியது, வழுக்கியது. நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. எட்டு நாள் அந்தச் சுருண்ட சிறகோடு உயிரோடு இருந்தது. இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது.

இரண்டாவது கூட்டைக் காம்போடு ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிட்டேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு உள்ளே கரகரவென்று சத்தம். மேல் முனை வழியாக முதலில் ரோமம் நனைந்த தலை, பிறகு முன்கால்கள். வெளியே வந்ததும் அது செய்த முதல் வேலை, கூட்டின் மேலேயே தலைகீழாகத் தொங்கியதுதான். வயிறு விரல் பருமன். சிறகு நான்கும் ஈரமான தடித்த மொட்டு போல, என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. லென்ஸோடு குனிந்து பார்த்தேன். அந்த மொட்டிலேயே எல்லாம் இருந்தது! வெள்ளை வரி, கறுப்பு விளிம்பு, நுனியில் புள்ளியை விடச் சிறிய 'பாம்புக் கண்'. மடித்து மடித்து வைத்த புடவையின் முந்தானை போல.

பிறகு வயிறு மெல்ல இறங்கி ஏற ஆரம்பித்தது. உடம்பிலிருக்கும் திரவத்தை அது சிறகு நரம்புகளுக்குள் அழுத்தி ஏற்றுகிறது. வயிறு சிறுக்கச் சிறுக்கச் சிறகு கீழ்நோக்கித் தொங்கி விரிந்தது. அரை மணி நேரத்தில் முழு அளவு வந்துவிட்டது, ஆனால் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. விறைத்துக் காய இன்னும் சில மணி நேரம். அத்தனை நேரமும் கீழே தொங்க இடம் வேண்டும், கால் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும், காற்றில் கொஞ்சம் ஈரம் வேண்டும். வழவழப்பான டப்பாவில் இது எதுவும் கிடையாது. காய்ந்து விறைத்த பிறகு யாராலும் விரிக்க முடியாது. தயவுசெய்து கையால் நீவிப் பார்க்காதீர்கள்.

இனி கூடு கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கிளை ஒடிந்து கீழே விழுந்திருந்தால் மட்டும், காம்பு மேலே இருக்கும்படி பக்கத்துச் செடியில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பாம்புக் கண்ணும் கோடும் கூட்டுக்குள் யார் வரைவது? — மூன்றாம் வகுப்பு மாணவன், அக்கா உதவியுடன்

பதில்: ராஜா, கூட்டுக்குள் தூங்குவது போல இருக்கும்போதே சின்னச் சிறகு உள்ளே உருவாகிறது. அப்போது சிறகில் சில இடங்களில் இருக்கும் செல்கள் பக்கத்தில் இருப்பவற்றுக்குச் சேதி அனுப்பும். கிட்டே இருப்பவை ஒரு நிறம், தள்ளி இருப்பவை வேறு நிறம் என்று ஆகும். 1980-இல் நைஹவுட் என்ற விஞ்ஞானி ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில், கண்பொட்டு வரவேண்டிய இடத்தின் நடுச் செல்களை மட்டும் ஊசியால் சுட்டுவிட்டார். அங்கே கண்பொட்டு வரவே இல்லை. அந்தச் செல்களை எடுத்துச் சிறகில் வேறு இடத்தில் ஒட்டினார். அந்தப் புதிய இடத்தில் கண்பொட்டு வந்தது! உன் அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

கேள்வி: உலகிலேயே பெரிய அந்துப்பூச்சி அட்லஸ்தானே? — பலர்

பதில்: எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிறகு நுனிக்கு நுனி அளந்தால், நடு, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் 'வெள்ளைச் சூனியக்காரி' முன்னால் நிற்கும். 28 சென்டிமீட்டர் வரை. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் தென்னமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குக் கப்பலேறிப் போய்ப் பூச்சிகளைப் பார்த்து வரைந்து 1705-இல் வெளியிட்ட நூலில் அதன் ஓவியம் இருக்கிறது. பரப்பளவு என்றால் நியூ கினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஹெர்குலஸ் அந்துப்பூச்சி. அட்லஸ் இரண்டிலும் இவற்றுக்குக் கொஞ்சம் பின்னால்தான். அதனால் அதன் மதிப்பு என் கண்ணில் குறையவில்லை.

கேள்வி: நான் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா டீச்சர்? — ஒரு கல்லூரி மாணவர்

பதில்: ஆண், தம்பி. உணர்கொம்பைப் பாருங்கள். அகன்ற இறகு போல, இரண்டு பக்கமும் நீளமான பற்கள். பெண்ணுக்கும் உண்டு, ஆனால் ஒடுங்கியிருக்கும். பெண் கூட்டை விட்டு அதிக தூரம் போகாமல், இருட்டியதும் வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையைக் காற்றில் விடும். ஆண் அந்த இறகில் வாசனையின் துளிகளை வடிகட்டிப் பிடித்து, வெகுதூரத்திலிருந்து காற்றுக்கு எதிராகப் பறந்து வரும்.

உங்கள் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இடப்பக்க நுனியைக் காணோம். விளிம்பு பிறை வடிவத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. பாம்பின் மூக்கும் கண்ணும் போய், வாய்க்கோடு மட்டும் மிச்சம். பறவையின் அலகா, வௌவாலின் பல்லா என்று படத்தை வைத்துச் சொல்லமாட்டேன். அந்த வெட்டை மட்டும் கிட்டத்தில், ஸ்கேலோடு சேர்த்து, ஒரு படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.